அடுப்புக்காரரின் இடது கை

கை கழுவுவதில் அவருக்கு மூன்று சுற்று உண்டு. முதல் சுற்று பாத்திரம் தேய்க்கும் சோப்பால், முழங்கை வரை, அது கிரீஸுக்கு. இரண்டாவது துணி சோப்பால், அது கரிக்கு. மூன்றாவது குழந்தையின் சோப்பால், நகக்கண்களுக்குள் ஒரு பழைய பல் பிரஷை விட்டுத் தேய்த்து. முடித்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். வாடை மிச்சமிருந்தால் மறுபடி முதலிலிருந்து. இத்தனையும் நடக்கும்போது உள்ளே குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்கும். "வந்துட்டேன் மேடம், வந்துட்டேன்! உங்களுக்காகத்தானே கழுவுறேன், கொஞ்சம் பொறுங்க" என்று குழாய்ச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுப்பார்.

மணி அப்போது மாலை ஐந்தேகால். மேடம் என்பது அவருடைய மகள். வயது எட்டு வாரம். பகலில் அரைகுறையாகத் தூங்குவாள், சிணுங்குவாள், மின்விசிறியை முறைத்துப் பார்த்தபடி காலை உதைப்பாள். ஐந்து அடித்துவிட்டால் டூட்டிக்கு வந்துவிடுவாள். "ஒரு நாளாவது லீவு போடுறாளா பாருங்க. இப்படி ஒரு ஆள் நம்ம கம்பெனில இருந்தா எப்பவோ முதலாளி ஆயிருப்பான்" என்பார். எட்டு, எட்டரைக்கு அவள் ஓயும்போது வீட்டில் உள்ள மற்ற இருவரும் துவைத்துப் பிழியாமல் விட்ட துணி மாதிரிக் கிடப்பார்கள்.

மூன்றாவது மாடியில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். நடுவில் நாலு ஜோடிச் செருப்பு விடுகிற அளவுக்கு இடம். காற்றுக்காக இரண்டு கதவும் திறந்தே இருப்பதால், அந்த வீட்டில் கரண்டி விழுந்தால் இந்த வீட்டில் திரும்பிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனாலும் கட்டிடம் முழுக்க அடுப்புக்காரர் என்றே பழகிவிட்டது. கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். முப்பத்தைந்து வயது, ஒல்லி, இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை கீழே. பதினைந்து வருடம் பை தூக்கிய தோள்.

அந்தப் பைக்குள் ஸ்பானர்கள், ரப்பர் குழாய்த் துண்டுகள், கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில், அதற்கு ஒரு பெயின்ட் பிரஷ். தனியாக ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கண்ணாடி இருக்காது; தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த எஃகு ஊசிகள் ஏழெட்டு, துணியில் சுற்றி. அடுப்பின் ஜெட்டில், கேஸ் வெளியே வருகிற அந்தப் பொடி ஓட்டையில், அடைத்த தூசியை ஓட்டை பெரிதாகாமல் எடுக்கிற ஊசிகள். பெட்டி, மனைவி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தது.

வேலை செய்யும் விதம் ஒரு மாதிரி. போனதும் அடுப்பைப் பிரிக்கமாட்டார். சமையலறை விளக்கை அணைக்கச் சொல்வார், ஜன்னலைச் சாத்தச் சொல்வார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கன்னம் மேடையில் படுகிற அளவுக்குக் குனிந்து பக்கவாட்டில் தீயையே பார்த்துக்கொண்டிருப்பார். "அதுவே சொல்லும். நாமதான் காது குடுக்கிறதில்ல." ரிப்பேர் முடிந்தபிறகும் உடனே கிளம்பமாட்டார். தீ நிலைக்கிறதா என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். ஒரு வக்கீல் வீட்டில், "பத்து நிமிஷத்துல முடிஞ்சிருமாப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள். "வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும் சார். நான்தான் இருபது நிமிஷம் இருப்பேன்" என்றாராம்.

மனிதர்களையும் அவர் தீயாகத்தான் பார்க்கிறார். கீழ்வீட்டுத் தபால்காரர் மஞ்சள் தீ. சத்தமும் ஆட்டமும் ஜாஸ்தி, தண்ணீர்கூடக் கொதிக்காது. "என் வீட்டுக்காரி நீலம். ஆடாது, அசையாது. ஆனா சூடு பூரா அங்கதான்க்கா இருக்கு" என்று ஒருநாள் படியேறும்போது சொன்னார். சொன்னபிறகு கதவு திறந்திருப்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குழந்தைக்கு வயிற்றுத் தொல்லை என்று தெரிந்ததும் அந்தத் தபால்காரர்தான் முதலில் ஆரம்பித்தது: "என்னப்பா, கேஸ்காரன் வீட்லயே கேஸ் தொல்லையா?" பிறகு மாடிக்கு மாடி, கடைக்குக் கடை, எல்லோரும் இதையே தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்கள். அவர் முதல் இரண்டு தடவை சிரித்தார். அப்புறம் "ஆமாங்க" என்று நடையைக் கட்டுவார்.

கழுவிய கை காய்ந்ததும் குழந்தை அவருடைய இடது கைக்கு வரும். குப்புறக் கிடத்துவார். தலை முழங்கை மடிப்பில், இரண்டு கால்களும் மணிக்கட்டின் இருபுறமும், வயிறு அவருடைய கையோடு ஒட்டி. சமையலறை ஜன்னலிலிருந்து வாசல் வரை பதினான்கு அடி. திரும்பப் பதினான்கு. இடது கை அவளுக்கு என்று ஆகிவிட்டதால் மிச்ச உலகம் முழுவதையும் வலது கை பார்த்துக்கொண்டது. சாப்பிடும், போன் பேசும், காய்ந்த துணியை மடிக்கும். வாழைப்பழத்தைப் பல்லால் உரிக்கப் பழகிவிட்டார். ஒருநாள் ஸ்டூலில் ஏறி ஒற்றைக் கையால் பல்பு மாற்றியதைப் பார்த்து நான் பயந்து கத்தினேன். "மேடம் முழிச்சுக்கப் போறாங்க" என்றார் மேலிருந்தபடியே.

அந்த அழுகையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாட்டிலை வாயில் வைத்ததும் ஆவலாகப் பாய்ந்து பிடிப்பாள். மடக் மடக்கென்று நாலு வாய். ஐந்தாவது வாயில் கண் விரியும், கடைவாயில் பால் வழியும், இருமுவாள். பிறகு முதுகை வில்லாக வளைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டு அலறுவாள். பாட்டிலை எடுத்தால் பசியில் அழுகை. கொடுத்தால் வலியில் அழுகை. குடித்ததில் பாதி சட்டையில். வயிறு உப்பி, தொட்டால் விறைப்பாக இருக்கும். முகம் சிவந்து, முக்கி, காலை வயிற்றோடு மடக்கி மடக்கி உதைப்பாள். ஒரு ஏப்பம் வந்தால் வீடே கைதட்டும். அடுத்த நிமிடம் மறுபடி தொடங்கும்.

பிரசவத்தில் தையல் சீழ் வைத்து, காய்ச்சலோடு பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவர் மனைவி. தாய்ப்பால் அதற்குள் குறைந்துவிட்டது. பாதி அவளிடம், பாதி பாட்டிலில் என்று தொடங்கியது அப்படித்தான். விடிந்ததிலிருந்து அவளும் குழந்தையும் மட்டும். கண்ணாடிக் கடையில் இருந்தபோது கட்டம் போட்ட புடவையில் ஒரு சுருக்கம் இல்லாமல் படியிறங்குவாள். இப்போது தோளில் புளித்த பால் வாடையோடு, தலைமுடியை எதனாலோ முடிந்துகொண்டு, எங்கள் வாசலில் வந்து நிற்பாள். "எனக்குப் பசிக்குதா, தூக்கம் வருதா, அழுகை வருதான்னே தெரியலக்கா. மூணும் ஒரே மாதிரி இருக்கு."

ஆலோசனைக்குக் குறைவில்லை. பால் மாவு டப்பா இரண்டு தடவை மாறியது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். தபால்காரரின் மனைவி வெந்நீர் ஒத்தடம் என்றார், நான் காலை சைக்கிள் மிதிக்கிறதுபோல ஆட்டிவிடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேலே அடுப்புக்காரரின் அக்கா இருந்தார், வெளியூரில். தினம் ஆறு மணிக்கு, அழுகை உச்சத்தில் இருக்கும்போது, போன் வரும்.

"என்னடா, இன்னும் அழுறாளா? உன் பொண்டாட்டி என்ன சாப்பிட்டா இன்னைக்கு?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா."

"ஒண்ணும் சாப்பிடாம பால் எப்படி வரும்? சாப்பிட்டதுதான்டா பால்ல வருது. பருப்பு சாப்பிட்டாளா? கேட்டுச் சொல்லு."

"சரிக்கா, சரிக்கா."

அந்தச் 'சரிக்கா' ஒவ்வொன்றும் சமையலறைக்குள் கேட்கும். அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். முதலில் முட்டை என்று எழுதினாள். பிறகு பருப்பு. பிறகு காப்பி. பிறகு மீன், முட்டைக்கோஸ், தக்காளி. நிறுத்திய தேதி பக்கத்திலேயே. மூன்று வாரத்தில் அவளுடைய தட்டில் வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும் உப்பும்தான் மிஞ்சின. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. அப்படியும் ஐந்து மணிக்கு மேடம் டூட்டிக்கு வந்தாள்.

ஏழாவது வார முடிவில், ஒரு வியாழக்கிழமை, எடை போட்டார்கள். இரண்டு வாரத்தில் கூடியது தொண்ணூறு கிராம். டாக்டர் சத்தம் போடவில்லை; பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினாராம். "அடுத்த வியாழன் வரைக்கும் பாப்போம். ஏறலன்னா அட்மிட் பண்ணி டெஸ்ட் எடுக்கணும்." படியேறி வந்தவள் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். "டாக்டர் என்னை ஒண்ணும் சொல்லலக்கா. சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் வீட்டு அடுப்பு மக்கர் செய்தது. மத்தியானம் மூன்று மணி. அவரைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்கு வருவதற்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்தார். விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கன்னத்தை மேடையில் வைத்துப் பார்த்தார். தீ மஞ்சளாக, நீளமாக நாக்கு நீட்டியது. மேலே வைத்திருந்த பாத்திரத்தின் அடியில் கரி.

"யாருக்கா குத்தினது?"

"எதை?"

"ஜெட்டை. யாரோ குத்தியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ, நான்தான். தீ கம்மியா வந்துச்சு. ஊக்கு வச்சு லேசா..."

"லேசாவா! ஊக்கு துணிக்குக்கா. துணிக்கு மட்டும்தான்." ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வகுப்பு எடுக்கிற குரல் வந்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் பண்ற வேலை இது. ஓட்டை பெருசானா நல்லா எரியும்னு நெனைக்கிறீங்க. இது என்ன ஓட்டையா? அளவுக்கா. அடுப்பு செஞ்சவன் கணக்குப் போட்டு வச்சிருக்கான். நெறைய வந்தா நல்லதுன்னு யாரு சொன்னது? அவசரமா வந்தா காத்தோட சேர முடியாது. சேரலன்னா ஒழுங்கா எரியாது. கரியாத் துப்பும். நீங்க பாட்டுக்கு நெறைய வருதுன்னு நெனைச்சிட்டிருப்பீங்க, உள்ள பாத்தா எதுவுமே வேகாம..."

அங்கே நின்றுவிட்டது பேச்சு.

ஜெட்டைப் பிடித்த கை அப்படியே இருந்தது. "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பையைக்கூட எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்தும் வராததால் போய்ப் பார்த்தேன். உள்ளறையில் தாயும் பிள்ளையும் தூக்கம். அடுப்புக்காரர் சமையலறைத் தொட்டி முன்னால் நின்று, பால் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அழுத்தவில்லை, ஆட்டவில்லை. நிப்பிளிலிருந்து பால் வெள்ளைக் கோடாக, அறுபடாமல் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

குரலைத் தணித்துச் சொன்னார். குழந்தை நாலு வாரமாக இருந்தபோது, இரண்டு அவுன்ஸ் குடிக்க முக்கால் மணி நேரம் சப்புவாளாம். நெற்றி வேர்த்து, பாதியில் களைத்துத் தூங்கிப் போவாளாம். நிப்பிளை எடுத்துப் பார்த்திருக்கிறார். வெந்நீரில் கொதிக்கக் கொதிக்க ரப்பர் சுருங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. கடையில் புதிது வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். அவருடைய கை கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டது. மெல்லிய ஊசியைத் தீயில் காட்டி, மூன்று நிப்பிளிலும் விட்டு ஒரு சுழற்று.

"வரலன்னா அடைப்புதானேன்னு... பதினஞ்சு வருஷமா பண்றது அதுதானேக்கா. அன்னைக்கு ஆறே நிமிஷத்துல பாட்டிலைக் காலி பண்ணிட்டா. நான் என்னமோ பெரிய ஆள்னு நெனைச்சிட்டேன்."

"ஜெட்டைக் குத்தக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே தம்பி."

"ஜெட்டுன்னா குத்தவே மாட்டேன்க்கா. இது ரப்பர்தானே. பால்தானே."

மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மறைக்கவில்லையாம். தொளதொளத்த கதவுப் பிடியை முடுக்கிவிட்டு அதை ஒரு சேதியாக யாராவது சொல்வார்களா என்றார். உண்மைதான். முடுக்கியவருக்கே மறந்துபோன வேலை அது.

அப்புறம் வந்து எங்கள் அடுப்புக்குப் புது ஜெட் போட்டார். பத்து நிமிடம் உட்கார்ந்தும் இருந்தார், ஆனால் தீயை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கடைக்குப் போய், பிறந்த குழந்தைக்கான சின்ன ஓட்டை நிப்பிள் வாங்கி வந்து, எங்கள் வீட்டிலேயே கொதிக்கவைத்து, பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். சொட்டு. நிதானமாக இன்னொரு சொட்டு. பழைய மூன்றையும் அவர்கள் வீட்டுக் குப்பைக் கூடையில் போடவில்லை. கீழே தெருத் தொட்டி வரை போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்று மறுநாள் கேட்டேன்.

"நிப்பிள் பழசாயிருச்சு, மாத்தியிருக்கேன்னு சொன்னேன்."

"அது சொன்னதாகுமா?"

"வியாழன் போகட்டும்க்கா. எடை ஏறுதான்னு பாத்துட்டு..."

குழந்தை இப்போது ஒரு வேளைப் பாலை இருபது நிமிடம் குடித்தாள். நடுவில் இரண்டு தடவை தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுத்தார்கள். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஐந்து மணிக்கு டூட்டி தொடர்ந்தது. ஆனால் மூன்று மணி நேரம் ஒன்றரையாகச் சுருங்கியது. முதுகை வளைப்பது நின்றது. வெறுமனே அழுதாள், எல்லாக் குழந்தைகளும் அழுகிற அழுகை. அதற்கே அந்த வீட்டில் புதன்கிழமை சாயங்காலம் யாரோ ரேடியோ போட்டார்கள்.

வியாழன் வந்தது. ஒரே வாரத்தில் இருநூற்றுப் பத்து கிராம் ஏறியிருந்தது. எடை போட்ட நர்ஸ் மெஷினில் எண் நிலைத்ததும் நிமிர்ந்து, "அட, என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் என் சாப்பாட்டை மாத்தினேன் சிஸ்டர்" என்றாளாம் அவள்.

அவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார், கையில் குழந்தையின் துண்டோடு. வாயைத் திறந்தேன் என்றார். நர்ஸ் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டாராம்.

அன்று ஆறு மணிப் போனில் அக்காவின் குரல் எங்கள் வீடு வரை வந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல? வாயைக் கட்டினா எல்லாம் அடங்கும்!" போனை வைத்தபிறகு அவர் மனைவி பேனாவை எடுத்து ஃப்ரிட்ஜ் தாளில் இன்னும் இரண்டு வரி எழுதினாள். கேரட். டீ. "இதையும் விட்டுட்டா மிச்சம் இருக்கிற ஒன்றரை மணி நேர அழுகையும் நின்னுடும்க்கா" என்று என்னிடம் சொன்னாள். முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. சொல்லிவிட்டுத் திரும்பியவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியிருக்கிறது. குழந்தை அவர் கையில் இருந்ததால் பிழைத்தது. அவர் பார்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு, மூன்று சுற்றும் கழுவி முடித்து, குழந்தையை இடது கையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கொஞ்சம் கூட வாங்க."

"நான் எதுக்கு? அது உங்க ரெண்டு பேர் விஷயம்."

"நீங்க நின்னா சத்தம் கம்மியா இருக்கும்."

"அவ என்னைக்குத் தம்பி சத்தம் போட்டிருக்கா?"

"அதுக்குத்தான்க்கா பயமே."

போய் வாசலோடு நின்றுகொண்டேன். அவள் சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு இந்த அக்கா வீட்ல அடுப்பு ரிப்பேர் பாத்தேன்ல?"

"ம்."

"அக்கா ஊக்கை வச்சு ஜெட்டைக் குத்திட்டாங்க. ஓட்டை பெருசாயிருச்சு."

"சரி. அதுக்கு?"

"பெருசானா... அளவுக்கு மேல வரும். வேகமா வரும். அதுல வந்து..." அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நிப்பிளை நான் குத்திட்டேன்மா. ஜெட் ஊசியை வச்சு. மூணையும்."

மடித்துக்கொண்டிருந்த துணி பாதியில் நின்றது.

"எப்போ?"

"ஒரு மாசம் இருக்கும். ஒரு ஹாஸ்டல் கிச்சன்ல அடுப்பு வேலை முடிச்சிட்டு வந்தேன்ல, அன்னைக்கு. பால் வேகமா வந்ததாலதான் காத்தையும் சேர்த்து முழுங்கியிருக்கா. போன சனிக்கிழமைதான் எனக்கே உறைச்சுது. மாத்திட்டேன். அதான் எடை ஏறிச்சு. உன் சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல. உன் பால்லயும் ஒண்ணும் இல்ல."

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள். தாளின் முதல் வரியில் விரலை வைத்தாள். "ஹாஸ்டல் வேலை திங்கக்கிழமை. நான் முட்டையை விட்டது வியாழக்கிழமை." கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற நிதானத்தோடு விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பருப்பு. காப்பி. மீன். கடைசி வரி வரை போய் நின்றது.

"போன சனிக்கிழமை தெரியும் உங்களுக்கு."

"ஆமா."

"நேத்து நான் நர்ஸ்கிட்ட சொல்லும்போது தெரியும்."

"ஆமா."

"நேத்து உங்க அக்கா பேசும்போது?"

குழந்தை சிணுங்கியது. இடது கை தானாக அவளைத் தாலாட்ட ஆரம்பித்தது.

"போன் போடுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"உங்க அக்காவுக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க."

வலது கையால் போட்டு மேசையில் வைத்தார். நாலு தடவை மணி அடித்ததும் அக்கா எடுத்தார். "என்னடா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அழுறாளா?"

"இல்லக்கா. ஒண்ணு சொல்லணும். பால்ல எந்தக் குத்தமும் இல்லக்கா. நான்தான் நிப்பிள் ஓட்டையைப் பெருசாக்கிட்டேன். ஊசியை வச்சு. அதனாலதான் இவ்வளவும்."

அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"நான் அப்பவே நெனைச்சேன்டா" என்றார் அக்கா. "ஆம்பளைங்க கையில பச்சைப் புள்ள சாமானைக் குடுத்தா இப்படித்தான். அந்தப் பொண்ணை என்ன பாடு படுத்தியிருக்க! பாவம், வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி... அவ எங்க? சாப்பிட்டாளா?"

அவர் மனைவி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டின் ஓரம் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "இனிமேதான் அண்ணி" என்று மட்டும் சொல்லி, போனை அவளே அணைத்தாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டு முட்டை எடுத்தாள். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் எடுத்தாள். வாணலியை வைத்து, உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் தூவி, அப்படியே தட்டில் கவிழ்த்தாள். பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் காப்பி. அவருக்காக இருந்த காப்பி. மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவசரம் இல்லை. ஒவ்வொரு வாயையும் மென்று, விழுங்கி, அடுத்த வாய். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் குழந்தையோடு ஜன்னலடியில் நின்றார். பதினான்கு அடி நடக்கவில்லை. மேடம் முழங்கை மடிப்பில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடாமல், அம்மா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பத் திரும்பினேன். முதல் முட்டை முடிந்திருந்தது. அவள் காப்பியை ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு தலை நிமிராமல், மேசைக்கு அடியில் காலை நீட்டி, எதிரே இருந்த நாற்காலியை அவர் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினாள்.